ஏழாவது கதவு

கொருக்குப்பேட்டை, ஹவுசிங் போர்டு, எஃப் பிளாக்.
ஏழு கதவுக்கு ஒரு கதவு என்பது விதி.
மற்ற ஆறும் எட்டிப் பார்த்து
"ரேஷன் கார்டா மேடம்?" என்று கேட்டு
ஏமாந்து உள்ளே போயின.

தனிமையில் கேட்கவும் என்கிறது கையேடு.
பத்துக்குப் பத்து அறை.
கட்டிலில் ஒருவர், கட்டிலுக்கடியில் இருவர்,
வாசலை அடைத்து கேஸ் சிலிண்டர்.
தனிமையை எங்கே உட்கார வைப்பது?
மாடிப்படித் திருப்பத்தில்
குடங்களுக்கு நடுவே நின்று கேட்டேன்:
கடந்த முப்பது நாட்களில் எத்தனை நாள்?

"சத்தியமா தொட்டதில்ல" என்றார் கன்னியப்பன்.
ஹார்பரில் மூட்டை, வயது நாற்பத்தாறு.
வாயில் கிராம்பு.
(என் அப்பாவுக்கு ஏலக்காய்.)
அவர் முதுகுக்குப் பின்னால்
துணி உலர்த்தும் சாக்கில் தேசம்மா
விரல்களை விரித்தாள்: ஐந்து. மறுபடி ஐந்து.
மூன்றாம் முறை விரிக்கையில்
ஈரச் சட்டை நழுவி
இரண்டு மாடி கீழே போனது.

'இல்லை' என்பதைத் தொட்டேன்.
கேட்கப்பட்டவர் சொன்னதே பதில்.
அதுவும் விதி.

அளவு என்று ஒரு கேள்வி.
திரையில் இருப்பது மில்லி,
இங்கே ஓடுவது கட்டிங்.
கடை வாசலில் ஆள் தேடி
பாதிக் காசு போட்டவனுக்குப் பாதி ஊற்றி
அவன் பெயர்கூடக் கேட்காமல் பிரிவதை
எந்தக் கட்டத்தில் எழுத?

மொட்டை மாடியில் ரூபேஷ்.
அவனாகவே வந்தான்.
"என்னக் கேளுங்கக்கா. மாத்திரதான்.
எந்தக் கிழம, எத்தன மணி, யாரு தராங்க,
எல்லாம் சொல்றேன்."
பிறந்த தேதி கேட்டேன்.
பதினைந்து நிறைய இன்னும் நாற்பது நாள்.
திரை சிவந்தது:
தகுதி இல்லை. நேர்காணலை முடிக்கவும்.

"பொய் சொல்லலக்கா" என்றான்.
அன்று முழுக்க
பொய் சொல்லாத ஒரே ஆள்.

கீழே சாக்கடையோரம் கிடந்தது சட்டை.
எடுத்து உதறினேன்.
துவைத்த பிறகும் பையோடு ஒட்டி
ஊறிப்போன இரண்டு கிராம்பு.
கைப்பிடிச் சுவரில் போட்டுவிட்டு நடந்தேன்.

ரயில்வே கேட் மூடியிருந்தது.
"சரக்கு போவுது, சரக்கு போவுது" என்று
பைக்கில் யாரோ சிரித்தார்கள்.
பழக்கதோஷம், பெட்டிகளை எண்ணத் தொடங்கினேன்.
நாற்பத்திரண்டில் தவறவிட்டேன்.
அதற்கப்புறமும் போய்க்கொண்டே இருந்தது.