முன் படம், பின் படம்

படிவத்தின் ஏழாவது கூட்டில்
நிர்மாணிக்கப்படவுள்ளது என்ன என்று கேட்டிருந்தது.
நீளம், அகலம், திறப்பு விழாத் திகதி.
சம்மாந்துறைப் பிரதேச சபையில்
பதினொரு வருடமாகக் கணக்கு எழுதுகிறவள் நான்.
வடிகான், மதகு, மலசலகூடம், மையவாடி மதில்
எல்லாம் அந்தக் கூட்டுக்குள் அடங்கியவை.
வயல் அடங்கவில்லை.

"ஒன்றும் கட்டப்படாது" என்று எழுதினேன்.
செயலாளர் வெட்டினார்.
வேறு சொல் கிடைக்காமல்
பின்னேரம் அவரே அதைத் திரும்ப எழுதினார்.

வந்த காசு காணி வாங்க அல்ல.
மண் போட்டு அதை நிரப்பும் உரிமையை மட்டும்
உடையவரிடமிருந்து வாங்கி
சபையின் அலுமாரியில் பூட்டி வைக்க.
விளங்கப்படுத்தும்போது எனக்கே சிரிப்பு வந்தது.
ஆதம்பாவா சிரிக்கவில்லை.

"மூணு பொம்புளப் புள்ள எனக்கு.
ரெண்டுக்கு ஊடு குடுத்தாச்சு.
மூணாவது ஊட்ட
ஒங்கட அலுமாரிக்குள்ளயா கட்டுற?"

தரகன் வைத்த விலையில்
எங்கள் காசு மூன்றில் ஒன்று.
மிச்ச இரண்டை
நெல், தண்ணீர், கொக்கு என்று எழுத
என் பேரேட்டில் தலைப்பில்லை.

தேத்தண்ணி ஆறியது. எழும்பப் போனவர்
கதவடியில் நின்று மழையைப் பற்றிச் சொன்னார்:
எதிர்க் கண்டத்தைக் கிறவலால் மூடிய மாரியில்
இரண்டாவது மகளின் குசினிக்குள்
சோற்றுப்பானை மிதந்ததாம்.
சொல்லிவிட்டுப் போய்விட்டார்.
ஒன்பதாம் நாள் வந்து
ரோட்டோரம் இருபது பேர்ச் போக
உள்ளே இரண்டரை ஏக்கருக்குக் கையெழுத்து வைத்தார்.

இருபது பேர்ச்சில் அந்தக் கிழமையே டிப்பர்கள்.
தொழில்நுட்ப உத்தியோகத்தர் கிருபைராஜா
வெயிலில் நின்று சண்டை பிடித்து
வக்கடைத் தண்ணீர் உள்ளே போக
மண்ணுக்கடியில் ஒரு குழாய் புதைக்க வைத்தார்.
அதற்கு நீளம் இருந்தது.
எண்பத்திரண்டு அடி என்று
ஏழாவது கூட்டில் ஆசை தீர எழுதினேன்.

ஒரு வருடம் கழித்துக்
கணக்காய்வுக் கடிதம்:
முன் படத்துக்கும் பின் படத்துக்கும்
வித்தியாசம் காணப்படவில்லை.
பதினான்கு நாட்களுக்குள் விளக்கம் தருக.

இரண்டையும் மேசையில் வைத்துப் பார்த்தேன்.
முன்னதில் வேளாண்மை, முழங்கால் உயரம்.
பின்னதிலும் அதே.
இடது ஓரத்தில் மட்டும்
பூசாத சுவர் ஒன்று முளைத்திருக்கிறது,
கம்பிக் கொடியில் ஒரு பச்சைச் சால்வை.
மூன்றாவது மகளுடையதாக இருக்கலாம்.
கணக்காய்வாளர் கண்ணில் அது படவில்லை,
நானும் காட்டிக்கொடுக்கப் போவதில்லை.

பதில் எழுதினேன்.
"வித்தியாசம் இல்லை என்பது சரி.
செலவிட்டது அதற்கே.
இணைப்பு: இன்று காலை எடுத்த படம்.
அறுவடை மெஷின் குறுக்கே நிற்பதால்
பாதி வயல்தான் தெரிகிறது."