பத்துக்கு ஆறு

செய்தி வந்த அரை மணிக்கூரில்
முதல் ஆர்டர் வந்துவிட்டது.
பத்துக்கு ஆறு, சட்டம் அடித்து,
வெட்டுவெந்நி சந்திப்பில் கட்ட.
மார்த்தாண்டம் பாலத்தின் அரவம் கேட்கும் தூரத்தில்
என் ஃபிளெக்ஸ் கடை.
மை உலரும் முன்பே சுருட்டிக் கொடுத்த நாள் அது.

றசலையன் இறந்தது கீரிப்பாறைக்கு மேலே.
ஞாயிறு ராத்திரி எட்டரைக்கு
லோக்கல் சேனலில் வருவாரே, காக்கித் தொப்பி,
"பயப்படாண்டாம், இதுக்குத்தான் நம்மளக் கண்டு பயம்" என்று
எல்லா வாரமும் ஒரே வரியில் தொடங்குவாரே,
அவர்தான்.
ராஜநாகம் முழுசாய்ப் படத்தில் விழட்டும் என்று
கேமராக்கார வினிஸுக்கு வழிவிட்டு
பின்னால் ஓர் எட்டு வைத்தார்.
ஆனி மழை. பாசிப் பாறை.
பாம்பு அதன் பாட்டுக்கு ஈத்தைக் காட்டுக்குள் போயிற்று.

"பாம்பு பிடிக்கிறவனுக்குப் பாம்பாலதான் சாவு."
"கடிக்கல்ல ஓய், தலை பாறையில இடிச்சது."
"அது செரி. அந்தப் பாறைக்கு எதுக்குப் போனாரு? பாம்புக்குத்தானே?"
எதிர்க்கடையில் பழம்பொரி தீர்ந்தது,
வழக்கு தீரவில்லை.

பால்வெட்டுத் தொழிலாளர் சங்கம், மூன்று கட்சி,
ஒரு ஃபுட்பால் கிளப், ஒரு நகைக்கடை.
பள்ளிக்கூடத்துக்குப் பாம்பு கொண்டுவருகிறார் என்று
போன வருஷம் கலெக்டருக்கு மனுக் கொடுத்தவர்
"வனத்தின் மைந்தனே" என்று எழுதச் சொன்னார்,
தன் படம் கொஞ்சம் பெரிதாக.
அடக்க ஆராதனையில் போதகர்
குதிங்காலை நசுக்கும் வசனத்தை வாசித்தார்.
வழுக்கியதும் குதிங்கால்தான் என்பதால்
யாருக்கும் மறுத்துப் பேச வாய் வரவில்லை.

என்னிடம் இருந்த படத்தில் அவர் கையில் ஒரு சாரை.
"படம் எடுக்கல்லியே" என்றார்கள்.
சாரையை அழித்துவிட்டு
நெட்டில் கிடைத்த நாகத்தைச் சொருகினேன்.
கிளப் பையன்கள் பாம்பே வேண்டாம் என்றார்கள்.
அதையும் அழித்தேன்.
எதையோ நோகாமல் ஏந்தியது போல
விரல்கள் மட்டும் வளைந்து நின்றன.
வெறுமையாய்த் தெரிந்ததால்
ஒரு பூங்கொத்து வைத்தேன்.

செவ்வாய்க்கிழமை கருங்கலிலிருந்து ஒரு போட்டோ.
ஏழு சாரைகள், தலை நசுங்கி, கயிற்றில் வரிசையாக.
'அண்ணனுக்காக' என்று கீழே.
இதையும் சேர்த்து அடிக்க முடியுமா, எட்டுக்கு நாலு?
மெஷின் கேடு என்றேன்.
பொய்தான்.
வாங்கிய அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்தேன்.
அந்த வாரம் வேறு நல்லது எதுவும் நான் செய்யவில்லை.

பத்தாம் நாள் அவர் மனைவி புஷ்பலீலா வந்தார்.
மழைக்கோட்டோடு நின்றபடியே
சுவரில் மாட்டியிருந்த மாதிரியைப் பார்த்தார்.
அழுவார் என்று ஸ்டூலை இழுத்துப் போட்டேன்.
"இது ஆப்பிரிக்காப் பாம்பாக்கும்" என்றார்.
"நம்ம மலையில கிடையாது.
அவரு கண்டிருந்தா உம்மள வெச்சு
ஒரு எபிசோடே எடுத்திருப்பாரு."
சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது.
எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

கல்லறைக்கு ஒரு சின்னப் படம் வேண்டுமாம்.
அந்தச் சாரையோடேயே.
அழித்ததைத் திரும்பக் கொண்டுவந்தேன்.
விரல்களுக்குள் அது சரியாகப் போய் உட்கார்ந்தது.
பணம் எண்ணிக்கொண்டிருக்கையில்
அவர் கையிலிருந்த அந்தப் பழைய போன் அடித்தது.
கருங்கலிலிருந்து யாரோ.
அடுக்களையில் பாம்பாம், பதறுகிற குரல்,
சார் உண்டா, சார் உண்டா என்று எனக்கே கேட்டது.

அவர் போனை மறு காதுக்கு மாற்றினார்.
"சார் இல்ல" என்றார்.
"பிள்ளைகள வெளிய கூட்டிட்டு வாங்க.
பின்வாசலத் திறந்து வச்சிட்டு மாறி நில்லுங்க.
கம்பு எடுக்காதீங்க.
அது போவும்.
வழி கண்டா போவும்."