இரண்டு யுகுலேலே

ஓசூர், பாகலூர் சாலை விடுதி.
நைட் ஷிஃப்ட் முடிந்து முனிரத்னா
மடியில் சொப்ரானோவோடு உட்கார்ந்தாள்;
துவைத்த துண்டு வைக்கவும் மடியில் இடமிருந்தது.
என் பாரிடோன் கட்டிலில் பாதி கேட்கும்.

அடிக்கம்பி, மூன்றாம் ஃப்ரெட், ஒரே விரல்.
அவளுக்கு சி. எனக்கு ஜி.
ட்யூனரைத் திட்டி பேட்டரி மாற்றினோம்.
அது பொய் சொல்லவில்லை.

அவளுடைய மேல்கம்பி
உறும வேண்டிய இடத்தில் கீச்சென்கிறது.
என்னுடையது உறுமுகிறது, ஒழுங்காக.

வீட்டில் அவளுக்குத் தெலுங்கு, எனக்குக் கன்னடம்,
வார்டனைப் பற்றிப் பேசத் தமிழ்.

ஐந்தாம் ஃப்ரெட்டில் கேப்போ மாட்டினால் சேருமாம்.
கேப்போ நானூற்றைம்பது. சம்பளம் ஏழாம் தேதி.
பென்சிலை வைத்து
அவள் தலை ரப்பர்பேண்டால் இறுக்கினோம்.

சி. கிட்டத்தட்ட.
அவள் முடி ஒன்று கம்பியில் சிக்கி
இன்னும் அதிர்கிறது.