டேட்டா முடிந்த இடம்

தம்பி சந்தனராஜ்
வெல்லவாயவிலிருந்து தீவன மில்லுக்கு
லொறியில் சோளம் ஏற்றிப்போகிறவன்.
கொஸ்லந்தை வளைவில் ஒரு மூட்டை பிய்ந்ததாம்.
சிந்தியது நாலு கிலோ என்று முதலாளி
அவன் சம்பளத்தில் எழுதிக்கொண்டார்.
ரோட்டில் கூட்டி அள்ளியதில் இரண்டு கிலோ
எங்கள் காம்பிரா மூலையில்
சீனிப் பையில் உட்கார்ந்திருக்கிறது.

கோதுமை மா விலை
இந்த மாதமும் இறங்கவில்லை.
கோழி தின்பதை நாம் தின்னலாமா என்று
யாரைக் கேட்பது?
போனைக் கேட்டேன்.

எந்த நாட்டு அடுப்படியோ.
என் வயசுதான் இருக்கும் அவளுக்கு.
அவள் பேசியது எனக்கு வெறும் சத்தம்.
சத்தத்தைக் குறைத்துவிட்டுக்
கையை மட்டும் பார்த்தேன்.
பானை, சோளம், தண்ணீர்.
அப்புறம் ஒரு டப்பாவிலிருந்து
வெள்ளையாய் ஒரு கரண்டி.
உப்பென்றால் இப்படி அளக்கமாட்டார்கள்.
நிறுத்தினேன், பெரிதாக்கினேன்.
விரலில் ஒட்டியதை அவள்
அவசரமாய்க் கழுவிய விதத்தில் பிடிபட்டது:
அட, சுண்ணாம்பு.

அடுத்த காம்பிரா பெருமாயி அக்கா கேட்டாள்,
"வெத்தலை போடப் பழகிட்டியா?"
"இல்லக்கா, சோளத்துக்கு."
"சோளம் வெத்தலை போடுதா?"
டப்பியைச் சுரண்டி
ஒரு கொட்டைப்பாக்கு அளவு தந்தாள்.
போதாது என்றேன்.
முறைத்துக்கொண்டே பொட்டலத்தைப் பிரித்தாள்.

இந்த உயரத்தில்
தண்ணீர் சீக்கிரம் குதிக்கும், சூடு ஏறாது.
பருப்புக்கே அரைக்கட்டு விறகு.
சோளம் அதைவிடப் பிடிவாதம்.
சுண்ணாம்பு பட்டதும் மஞ்சள் முற்றி,
வெள்ளையடித்த மறுநாள் மழை பெய்தால்
லயம் எப்படி மணக்குமோ
அப்படி மணந்தது.
மூடி வைத்துப் படுத்தேன்.

ஞாயிறு. பெரட்டு இல்லை.
பீலியில் அலசினேன்.
தோல் வழுகி வழுகிக்
கானோடு போனது.

அம்மியில் மூன்று கைப்பிடி தாண்டுவதற்குள்
தோளுக்குக் கொழுந்துக் கூடை
ஞாபகம் வந்துவிட்டது.
அரைத்ததை உருட்டினால் உருண்டது,
அமுக்கினால் ஓரம் வெடித்தது.
தண்ணீர் தெளித்தேன். வெடித்தது.
இன்னும் தெளித்தேன்.
அவளிடம் கைப்பிடி வைத்த இரும்புக் கருவி ஒன்று.
என்னிடம் இரண்டு லஞ்ச் ஷீட்,
குக்கரின் அடி,
அதன்மேல் நான்.

வட்டம் வந்தது. வட்டம் மாதிரி.
கல்லில் போட்டுவிட்டு
மிச்சத்தைப் பார்க்கப் போனைத் திறந்தால்,
அவள் இரண்டு விரலால்
ஓரத்தைத் தூக்குகிற இடத்தில்
டேட்டா முடிந்தது.
வளையம் சுற்றுகிறது, சுற்றுகிறது,
அவள் தூக்கியபடியே நிற்கிறாள்.
என் கல்லோ நிற்கவில்லை, புகைகிறது.

எப்போது திருப்புவது? எத்தனை தரம்?
முதலாவது கிழிந்தது.
இரண்டாவது நடுவில் மட்டும் கருகியது.
மூன்றாவதைத் திருப்பி,
ரொட்டிக்குச் செய்கிற பழக்கத்தில்
துணியைச் சுருட்டி லேசாய் ஒற்றினேன்.
ஒரு பக்கம் மூச்செடுத்தது.
மறுபக்கமும்.
முழு வயிறும் உப்பி
அப்படியே நின்றது.
யாரையாவது கூப்பிட நினைத்தேன்,
கூப்பிடுவதற்குள் அமுங்கிவிடும் என்று
நானே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சந்தனராஜ் கட்டச்சம்பல் வைத்து
நாலு தின்றான்.
"கோழிக்கு இது தெரிஞ்சா
முட்டை போடாதுக்கா" என்றான்.
சம்பளத்தில் வெட்டியதைப் பற்றி
ஒன்றும் சொல்லவில்லை.
பெருமாயி அக்கா
சுண்ணாம்பு கூடிப்போச்சு என்று சொல்லிக்கொண்டே
இன்னொன்றுக்குக் கை நீட்டினாள்.

மத்தியானம் தம்பி ரீலோட் போட்டான்.
போன் விழித்தது.
அவள் ஓரத்தைத் தூக்கினாள்,
திருப்பினாள்,
கிழிந்தது.
சிரித்தாள் போல, தோள் குலுங்கியது.
கிழிந்ததை வாயில் போட்டுக்கொண்டு
அடுத்த உருண்டையை எடுத்தாள்.