மீட்டர்

வேலந்தாவளம் சோதனைச்சாவடிக்கு இந்தப் பக்கம்
கள்ளுக்கடைக்குப் பின்னால் தார்ப்பாயை உருவினார்
கபூர் ராவுத்தர்.
"தானே ஓடும். தட்டையை அறுத்து வரிசையாப் படுக்க வைக்கும்.
ஆள்கூலி மிச்சம், சேச்சி. மேல ஏறி உக்காந்தாப் போதும்."

சிவப்புப் பெயின்ட் விரலில் ஒட்டியது.
அடித்தவன் கிரீஸ் நிப்பிளைக்கூட விட்டு வைக்கவில்லை.

மீட்டர் சொன்னது ஆயிரத்து நூற்று நாற்பது மணி.
பெடலில் ரப்பர் போய் இரும்பு பளபளத்தது.
பால் சொசைட்டியில் பதினோரு வருசம்
லாக்டோமீட்டர் பிடித்தவள் நான்.
பெடலை நம்பினேன்.

மெக்கானிக் சுதேவன் சாவியைத் திருகினான்.
முதலில் கறுத்த புகை. அது சரி.
அப்புறம் நீலமாக ஒரு இழை,
யாருக்கும் தெரியாமல் நழுவப் பார்ப்பதுபோல.
"எண்ண குடிக்கும்" என்றான்,
ராவுத்தர் காதில் விழாமல்.

பெலிக்ஸ் தரையில் குச்சியால் கணக்குப் போட்டார்.
மூன்றே கால் லட்சம்.
நம்முடையது நாலு ஏக்கர் சோளம்,
மிச்ச நாளெல்லாம் வாடகைக்கு ஓட்டினால்
மூன்றாம் வருசம் வண்டி நமக்கு.
வண்டி நின்றுபோகும் நாட்களை
அந்தக் குச்சி எழுதவில்லை.

ஸ்பேனர் பெட்டியைத் திறந்தேன்.
ஒரு கத்தித்துண்டு, காய்ந்த பீடிக்கட்டு,
அடியில் எண்ணெய் ஊறிய டைரி.
ஊர், பெயர், மணி, ரூபாய்.
நான்கு வருசத்து மணியை மனசுக்குள் கூட்டினேன்.
இரண்டாயிரத்து அறுநூறு தாண்டியது.

இதை ராவுத்தர் முன் விரித்துப் போட்டால்
விலை ஒரு லட்சமாவது இறங்கும்.
விரிக்கப் போன கை நின்றது.

*ஒழலப்பதி பெலிக்ஸ். 2½ மணி. 2500. பாக்கி.*

அவர் பக்கத்தைப் பார்த்தார். அப்புறம் வாளையார் மலையை.
"அது மழையில தட்டை கறுத்துப்போன வருசம்."
மழை டைரிக்காரனுக்கும் பெய்திருக்கும் என்று
நான் சொல்லவில்லை.
பக்கத்துக்குப் பக்கம் பாக்கி.
எங்கள் பெயர் தனியாக இல்லை என்பதில்
ஒரு கேவலமான ஆறுதல் வந்து போனது.

"யாரோட வண்டி இது?"
"எருத்தேம்பதி நாச்சிமுத்து. நல்ல ஆளு.
இப்ப கஞ்சிக்கோட்டுக் கம்பெனியில கேட்டுல நிக்கிறான்.
அட்வான்ஸ் எத்தனை போடட்டும்?"

சந்தைக்குப் போய் வருகிறோம் என்றேன்.
இன்றைக்குச் சந்தை இல்லை என்பது
மூன்று பேருக்கும் தெரியும்.

பத்தாயிரத்தில் ஐந்து ஐந்நூறு ரூபாய்த் தாளைப் பிரித்து
டைரிக்குள் வைத்தேன்.
டைரி என் பைக்குள் இருந்தது.
இதைத் திருட்டு என்றும் சொல்லலாம்.

மொபெட்டில் ஏறியதும் பெலிக்ஸ் கேட்டார்:
"வாங்குறமா, இல்லியா?"
நிஜமான மணி அவனுக்குத்தான் தெரியும் என்றேன்.
பாதிக் காரணம் அதுதான்.

"கஞ்சிக்கோடு வரைக்கும் பெட்ரோல் பத்தாது."
"போடுங்க."