துடக்கு

புர்க்டோர்ஃப் நிலையத்திலிருந்து ஏழு நிமிட நடை.
மூன்றாம் மாடி. மூன்று நாற்காலி.
என்னுடையது நடுவில்.
இல்லை, நடுவில் இல்லை, ஒரு சாண் பின்னுக்கு.
மொழிபெயர்க்க வந்தவள்
யாருடைய கண்ணுக்குள்ளும் நிற்கக் கூடாது.
குரலுக்கு மணிக்கணக்கில் காசு.
கருத்துக்கு இல்லை.

அருந்தவராசா என்று வைத்துக்கொள்வோம்.
முதியோர் இல்லமொன்றில் சலவை வேலை.
முழங்கை வரைக்கும் தோல் வெடித்திருக்கிறது.
வேலை முடிந்தபின் நாற்பது தடவை கை கழுவுகிறார்.
அதற்குக் கோப்பில் நீளமாக ஒரு பெயர்.
சாமத்தில் எழும்பிக்
கட்டில் விளிம்பில் குந்தியிருப்பதற்கு
வேறொரு பெயர்.
நித்திரைக் குளிசையின் பெயரை மட்டும்
அவரே பிழையில்லாமல் சொல்லுவார்.

அன்றைக்கு ஃபிராவ் ஸ்பிண்டன்
பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார்:
கடவுளோடு உங்களுக்கு இப்போது எப்படி?

தமிழில் சொல்ல எனக்கு வெட்கமாகிவிட்டது.
பக்கத்து வீட்டுக்காரனோடு
கதைபேச்சு இருக்கா என்று கேட்பதுபோல.
சொன்னேன்.
அவர் சிரித்தார், நாலு மாதத்தில் முதல் தடவை.
"கோயிலுக்குப் போறேல்லை. துடக்கு."
எத்தனை நாளாக?
"பதினாறு வருசம்."

அந்தச் சொல்லில் கால் இடறி நின்றேன்.
தீட்டு என்றால் ஜெர்மனில் அழுக்காகிவிடும்.
ஏற்கெனவே கழுவிக் கழுவிச் சிவந்த கைகள்.
துக்கம் என்றால் வெறும் கண்ணீர்.
செத்தவரின் காலிலிருந்து ஒரு நூல் வந்து
இருப்பவரின் காலில் முடிச்சுப் போடும்,
முப்பத்தோராம் நாள் அதை அறுத்துவிடுவோம்.
இது மொழிபெயர்ப்பு இல்லை, விளக்கம்.
விளக்குவதற்குக் கேட்டுத்தான் பேச வேண்டும்.
வகுப்பில் பிள்ளைபோலக் கையை உயர்த்தினேன்.

அறுக்க ஏன் முடியவில்லை என்றார் ஸ்பிண்டன்.

"தம்பி. உடம்பு கிடைக்கேல்லை.
என்ன நாள் எண்டு தெரியாது.
எங்கயிருந்து எண்ணுறது முப்பத்தொண்டை?"

தொடக்கம் இல்லாத துடக்கு.
கீழே பேர்னுக்குப் போகும் ரயில்
நேரத்துக்கு வந்து நேரத்துக்குப் போனது.
இந்த நாட்டில் எல்லாவற்றுக்கும் நாள் உண்டு,
குப்பை எடுக்கவும், கண்ணாடிப் போத்தல் போடவும்.

ஸ்பிண்டன் மெதுவாக ஒரு கேள்வி கேட்டார்.
அதில் "ஷுல்ட்" என்றொரு சொல்.
அவர்களுக்குக் குற்றத்துக்கும் கடனுக்கும் அது ஒன்றுதான்.
எனக்கு ஒரு மூச்சு நேரம் இருந்தது.
குற்றம் இருக்கிறதா என்று நினைக்கிறீர்களா,
இப்படித்தான் நான் கேட்டிருக்க வேண்டும்.
பாடநெறியில் அப்படித்தான் சொல்லித் தந்தார்கள்.
வாய் சொன்னது:
"கடன் இருக்கெண்டு நினைக்கிறீங்களா?"

அவருடைய கைகள் முதன்முதலாக
மடியில் சும்மா கிடந்தன.
"ஓம். கடன்தான். கழிக்கேல்லை."

நாள் தெரியாதவர்களுக்கும் அமாவாசை இருக்கிறது
என்று ஐயர் தொலைபேசியில் சொன்னாராம்,
கடை விலை சொல்வதுபோல.
ஆடியில், எம்மெ ஆற்றங்கரையில்,
நாய்களோடு நடந்தவர்கள் விலகிப் போக,
எள்ளும் தண்ணீரும்.
ஸ்பிண்டன் வரவில்லை. அது உங்கள் இடம் என்றுவிட்டார்.
ஆனால் அடுத்த கிழமை எல்லாம் கேட்டார்:
எள் என்ன நிறம், தண்ணீர் குளிரா,
தம்பியின் பெயரைச் சத்தமாகச் சொன்னீர்களா.
சொன்னாராம்.
ஆறு பெரிய சத்தமாம், தனக்கே கேட்கவில்லையாம்.

கை கழுவுவது?
"முப்பத்தெட்டு."
ஸ்பிண்டன் எழுதிக்கொண்டார்.
குளிசை அதே அளவு.

வெளியே வந்து படிவத்தை நிரப்பினேன்.
மொழி: தமிழ். நேரம்: ஒரு மணி.
குறிப்புகள் என்ற கட்டத்தில்
அன்றைக்கு நான் செய்தது
பிழை என்று எழுதினேன்.
வெட்டினேன்.
சரி என்று எழுதவும் கை வரவில்லை.
வெறும் கட்டத்தோடு கொடுத்துவிட்டு
ரயிலைப் பிடித்தேன்.