கட், கட், கட்

கிரிம்ஸ்பி. செவ்வாய்க்கிழமை, மாலை ஏழு.
டயர் கடைக்கு மேலே ஓர் அறை.
பதிவேட்டில் எட்டுப் பேர்,
எல்லோருக்கும் என்னைவிட வயது அதிகம்.
மூன்று முறை சோப்புப் போட்டும் போகாத மீன்வாடையை
பென்சில்களுக்கும் கொடுத்துவிட்டிருந்தார்கள்.

"நடந்து முடிந்ததா? வாலில் ஓர் 'எட்' ஒட்டுங்கள்"
என்று போன வாரம் சொல்லிவைத்தேன்.
நம்பிவிட்டார்கள்.
பேருந்தில் "ஐ கோ-எட்" என்று சொல்லி
ஓட்டுநரின் சிரிப்பைச் சில்லறையோடு வாங்கி வந்திருந்தார்
செகாய், அஸ்மாராக்காரர்.

கோ, வென்ட்.
"இது எந்த ஊர் நியாயம்?"
'வென்ட்' வேறொரு வினையின் பிள்ளை,
பிற்பாடு இந்த வீட்டுக்குக் குடிவந்தது என்றேன்.
"பேப்பர் கிடைத்துவிட்டதா அதற்கு?"
ஷிலான் சிரிக்காமல்தான் கேட்டாள்.
அவளுடையது உள்துறையில் மூன்றாவது வருடமாகக் கிடக்கிறது.

வைதோதஸுக்குக் கட்டைவிரலில் கட்டு.
கட், கட், கட் என்று பலகையில் எழுதினேன்.
இன்றும் அதே, நேற்றும் அதே.
முதன்முறையாக முழு மதிப்பெண் வாங்கியவர்போல
விரலைத் தூக்கிக் காட்டினார்:
"நல்ல சொல். ஒருமுறை கற்றால் போதும்."

அடுத்தது ஹர்ட்.
அதுவும் மாறாது என்றதும்
ஷிலான் பென்சிலைக் கீழே வைத்தாள்.
"அப்படியானால் வலி முடிந்ததென்று எப்படித் தெரியும்?"
பக்கத்துச் சொல்லைப் பார்க்கணும்.
'நேற்று' என்றிருந்தால் நேற்று.
"யாரும் நேற்று என்று எழுதாவிட்டால்?"

எனக்கு இருபத்தாறு வயது.
கையிலிருந்த விடைத்தாளில் அது இல்லை.
ஹீட்டர் கடகடத்தது,
கீழே யாரோ ஒரு சக்கரத்தைக் கழற்றினார்கள்.
புட், என்றேன். புட், புட்.

மார்ச்சில் தொழிற்சாலை வாசலில் காகிதம் ஒட்டினார்கள்.
ஷட்.
அதிலும் காலம் தெரியாது,
பூட்டைத் தொட்டுப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்கள்.
வைதோதஸ் கௌனஸுக்கே திரும்பிவிட்டதாகக் கேள்வி,
விரல் ஆறியதா தெரியாது.
செகாய்க்கு லீட்ஸில் கிடங்கு வேலை.
இன்னும் இரண்டு பேர்
சொல்லாமலே வரவில்லை.

நேற்று கல்லூரி அலுவலகத்திலிருந்து மூரியல் அழைத்தாள்.
ஹவ் மெனி லெஃப்ட்?
லீவ், லெஃப்ட், லெஃப்ட்:
பட்டியலின் கடைசிப் பக்கம், இன்னும் நடத்தவில்லை.
போனவர்களுக்கும் அந்தச் சொல்தான்,
மிஞ்சியவர்களுக்கும் அதேதான்.

நாலு, என்றேன்.
எந்த நாலு என்று அவள் கேட்கவில்லை.
எட்டில் நாலு.
எப்படிப் பார்த்தாலும்
கணக்கு சரியாகத்தான் இருந்தது.